கூடம் கோணலா, ஆட்டம் கோணலா: புதிய பயிற்சியாளரிடம் குவார்ட்டர்பேக் ஏன் மாறுகிறார்?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இரண்டு மூன்று வருடம் சுமாராக ஆடிய ஒரு குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்), புதிய பயிற்சியாளர் கைக்கு வந்த கொஞ்ச நாளில் வேறு ஆளாகிவிடுகிறாரே, எப்படி? அது உண்மையான முன்னேற்றமா, சூழ்நிலை கொடுத்த புள்ளிவிவரமா? முன்கூட்டியே கணிக்க முடியுமா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். பழைய பயிற்சியாளரைக் குறை சொல்லிவிட்டு வேறு கல்லூரிக்குப் போகிற குவார்ட்டர்பேக் எவரைப் பற்றியும் ரசிகர்கள் இப்படித்தான் பேசுவார்கள். சில சமயம் அது சரி. சில சமயம் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்திருக்கும். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எறியும் கை பெரிதாக மாறுவதில்லை. 20 வயதைத் தாண்டியவரின் எறிவேகமும் உயரமும் ஓட்டமும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மாறுவது வேறு: பந்து கைக்கு வந்த பிறகு அவர் எத்தனை முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, எத்தனை பேர் பந்து வாங்கத் தயாராக ஓடுகிறார்கள். பந்து பின்னால் வரும் ஸ்நாப் நொடியிலிருந்து பாஸ் கையை விட்டுப் போகும்வரை சாதாரணமாக இரண்டரையிலிருந்து மூன்று விநாடிதான். அந்த நேரத்துக்குள் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதில்தான் பயிற்சியாளரின் வேலை முழுவதும் இருக்கிறது.

இதைப் பார்க்க ஜோ பர்ரோவைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று வருடம் பெஞ்சில் இருந்தவர். 2018 மே மாதம் பட்டத்தை முடித்துக்கொண்டு, மீதமிருந்த இரண்டு சீசன்களோடு லூசியானா ஸ்டேட் என்ற எல்.எஸ்.யு-வுக்கு வந்தார். முதல் வருடம் 379 பாஸில் 219 சேர்ந்தது, அதாவது 57.8 சதவீதம். 2,894 யார்டு, 16 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்). மோசமில்லை, அணியும் 10 ஆட்டம் வென்றது. ஆனால் அடுத்த வருடம் இவர்தான் தேசத்தின் சிறந்த வீரர் என்று அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

2019-ல் அதே பர்ரோ 527 பாஸில் 402 சேர்த்தார். 76.3 சதவீதம், 5,671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். அணி 15 ஆட்டத்தில் 15-ஐயும் வென்றது. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் அவருக்கே.

இந்த உதாரணத்தின் அருமை என்னவென்றால், இடையில் அவர் கல்லூரி மாறவில்லை. தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜரானும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் அப்படியே இருந்தார்கள். புதிதாக வந்தவர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் உதவியாளராக இருந்த ஜோ பிரேடி. வயது 29. பாஸிங் ஆட்டத்துக்கான ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். எறிபவர் அவரேதான், ஓர்ஜரானும் என்ஸ்மிங்கரும் அவர்களேதான். அப்படியானால் நடுவில் என்ன மாறியது?

பெரிய மாற்றம் ஆட்களை நிறுத்திய விதத்தில். 2018-ல் எல்.எஸ்.யு பழைய பாணி அணி. குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற ஆறு, ஏழு பேரை உள்ளேயே நிறுத்துவார்கள். உள்ளே ஏழு பேர் என்றால் வெளியே ரூட் (பந்து வாங்க ஓடும் வகுத்த பாதை) ஓடுபவர்கள் மூன்று பேர்தான். மூன்று பேரை மூடுவதற்கு எதிரணியிடம் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பர்ரோ பந்தை வைத்துக்கொண்டு யாராவது விடுபடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில்தான் சாக் விழும், அதாவது எறியும் முன்பே அவரை மடக்கி வீழ்த்திவிடுவார்கள்.

2019-ல் ஐந்து பேரையும் வெளியே அனுப்பினார்கள். ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர்கூட ரூட் ஓடினார். அந்த வருடம் அவர் மட்டுமே 55 பந்து பிடித்திருக்கிறார். குவார்ட்டர்பேக் பக்கத்தில் யாருமே நிற்காத இந்த அமைப்பை எம்ப்டி என்பார்கள். பார்க்கத் தற்கொலை மாதிரி தெரியும், ஐந்து தடுப்பாளர்கள் மட்டுமே காவல். ஆனால் ஐந்து பேரும் மைதானம் முழுக்கப் பரவி நின்றால், எதிரணியும் அவர்களுக்கு எதிரே பரவித்தான் ஆக வேண்டும். ஒளித்துவைக்க இடமில்லை. யார் தாக்க வருகிறார், யார் பின்வாங்குகிறார் என்பது ஸ்நாப்புக்கு முன்பே தெரிந்துவிடும். பர்ரோவுக்கு எண்ணத் தெரியும். ஐந்து பேர் வந்தால் ஐந்து பேர் தடுப்பார்கள். ஆறாவது ஆள் வந்தால் அவர் விட்டுவந்த இடத்தில் உடனே பந்தைப் போட வேண்டும். இந்த ஆறாவது ஆளைக் கவனிப்பது தடுப்பாளரின் பொறுப்பு கிடையாது, குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. ஸ்நாப்புக்கு முன் படிக்கத் தெரிந்த மூளைக்கு இது விருந்து, தெரியாதவருக்கு விஷம். அதே எம்ப்டி அமைப்பை எல்லோருக்கும் கொடுத்தால் பாதிப் பேர் மருத்துவமனையில் இருப்பார்கள்.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். 2019 செப்டம்பர் 7, டெக்சஸ் பல்கலைக்கழக அணியுடன் ஆஸ்டினில் ஆட்டம். எல்.எஸ்.யு 37-31 என்று முன்னிலை, முடிய மூன்று நிமிடம்கூட இல்லை. நான்கு முயற்சிகளில் மூன்றாவது, பந்தைத் தக்கவைக்க 17 யார்டு வேண்டும். வழக்கமான எல்.எஸ்.யு என்றால் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டு, கடிகாரத்தைத் தின்றுவிட்டு, உதைத்து அனுப்பியிருக்கும். இங்கே பாஸ் அழைத்தார்கள். டெக்சஸ் கூடுதல் ஆட்களை அனுப்பி பிளிட்ஸ் செய்தது. பர்ரோ பின்னால் ஓடவில்லை; முன்னால் ஓரடி ஏறி, இடது பக்கம் ஒதுங்கி, ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். 61 யார்டு டச்டவுன். முடிவு 45-38. அழுத்தம் வரும்போது கால் எந்தப் பக்கம் போகிறது என்பதை இந்தப் பாஸில் திரும்பத் திரும்பப் பாருங்கள். முன்னால் ஏறினால் பக்கவாட்டில் வருகிற தாக்குபவர்கள் பின்னால் கடந்துபோய்விடுவார்கள். பின்னால் சறுக்கினால் நேராக அவர்கள் மடியிலேயே போய் விழ வேண்டியதுதான்.

சரி, எல்லாம் பிரேடியின் மாயமா என்றால், இல்லை. பந்து பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸ் 2018-ல் முதல் வருடப் பையன், 313 யார்டுதான். 2019-ல் 1,780 யார்டு, 20 டச்டவுன். ஜெஃபர்சன் 111 பந்து பிடித்தார். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து தடுப்பாளர்கள் கொண்ட தடுப்பணிக்கு நாட்டின் சிறந்த தடுப்பணிக்கான ஜோ மூர் விருது கிடைத்தது. புதிய திட்டம், வளர்ந்த ரிசீவர்கள், பக்குவப்பட்ட தடுப்பணி மூன்றும் ஒரே வருடத்தில் கூடிவந்தன. பிரேடி 2020 ஜனவரியில் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார், பர்ரோவும் சின்சினாட்டி தொழில்முறை அணிக்குப் போனார். அடுத்த சீசனில் எல்.எஸ்.யு 5 வென்று 5 தோற்றது. அதனால் யாராவது புதிய பயிற்சியாளர் பெயரை மட்டும் சொல்லி ஆருடம் சொன்னால், மற்ற பத்துப் பேரைப் பற்றியும் கேளுங்கள்.

அடுத்து போ நிக்ஸ். இவர் கதையில் கூடமும் கோணல், ஆட்டமும் கொஞ்சம் கோணல். அப்பா பாட்ரிக் நிக்ஸ் ஆபர்னில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். மகனும் அங்கேயே 2019-ல் முதல் ஆட்டத்திலிருந்து இறங்கினார். மூன்று வருடம், மூன்று தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்கள்: கென்னி டில்லிங்ஹாம், சாட் மோரிஸ், மைக் போபோ. இடையில் தலைமைப் பயிற்சியாளரும் மாறினார். பாஸ் சேர்ந்த விகிதம் 57.6, 59.9, 61.0. அதற்கு மேல் ஏறவேயில்லை.

ஒருங்கிணைப்பாளர் மாறுவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு மொழியே மாறுகிறது. ஒரே ரூட்டுக்கு ஒருவர் ஒரு பெயர் வைத்திருப்பார், இன்னொருவர் எண் வைத்திருப்பார். தடுப்பணியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைச் சொல்ல ஒரு திட்டத்தில் பந்தை ஸ்நாப் செய்யும் சென்டர் பொறுப்பு, இன்னொன்றில் குவார்ட்டர்பேக் பொறுப்பு. காலடிகூட மாறும்: ஒருவர் மூன்று அடி பின்வாங்கி உடனே எறியச் சொல்வார், இன்னொருவர் அதே ரூட்டுக்கு ஐந்து அடியும் நடுவில் ஒரு சிறு குதிப்பும் கேட்பார். ரூட்டின் நேரமும் காலடியின் நேரமும் ஒத்துப்போக வேண்டும். ரிசீவர் திரும்பும்போது பின்கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். கால் தாமதமானால் பந்து தாமதம். பந்து அரை விநாடி தாமதமானால் கல்லூரி மட்டத்திலும் அது இன்டர்செப்ஷன்தான். இதையெல்லாம் ஒவ்வொரு ஜனவரியிலும் அழித்து எழுதச் சொன்னால் யாருக்கும் பழக்கம் படியாது.

அது கூடத்தின் கோணல். நிக்ஸின் சொந்தக் கோணல், சுற்றித் தடுப்பு நன்றாக இருக்கும்போதும் பாக்கெட்டை (தடுப்பாளர்கள் அமைக்கும் காவல் வளையத்தை) விட்டு ஓடுவது. முதல் ஆள் மூடியிருந்தால் இரண்டாவது ஆளைப் பார்க்காமல் வட்டமடிக்க ஆரம்பித்துவிடுவார். 2021-ல் எல்.எஸ்.யு மைதானத்தில் அப்படிச் சுற்றிச் சுற்றி ஓடி நான்காவது முயற்சியில் ஒரு டச்டவுன் எறிந்தார். அது வருடக்கணக்கில் காட்டப்படும் வீடியோ. அந்த வீடியோதான் பிரச்சினையே. ஒருமுறை அற்புதமாகப் பலித்த கெட்ட பழக்கத்தை யாராலும் விடவைக்க முடியாது.

அந்த வருட நவம்பரில் கணுக்கால் உடைந்து, பிறகு ஆரிகனுக்கு மாறினார். அங்கே புதிய தலைமைப் பயிற்சியாளர் டான் லானிங். ஆனால் தாக்குதல் பொறுப்பில் வந்தவர் 2019-ல் ஆபர்னில் இருந்த அதே டில்லிங்ஹாம். இடம் புதிது, மொழி பழக்கமானது. முதல் ஆட்டம் 2022 செப்டம்பர் 3, ஜார்ஜியாவிடம் 49-3 என்று உதை, நிக்ஸிடமிருந்து 2 இன்டர்செப்ஷன். இதே பழைய நிக்ஸ்தான் என்று அன்று இரவே தீர்ப்பு எழுதியவர்கள் நிறைய. சீசன் முடிவில் 71.9 சதவீதம், 29 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன், ஓடியே 14 டச்டவுன். 2023-ல் டில்லிங்ஹாம் அரிசோனா ஸ்டேட் தலைமைப் பயிற்சியாளராகப் போய், வில் ஸ்டைன் வந்தார். ஒருங்கிணைப்பாளர் மறுபடி மாறியும் நிக்ஸ் சரியவில்லை: 77.4 சதவீதம், 4,508 யார்டு, 45 டச்டவுன், வெறும் 3 இன்டர்செப்ஷன். பாஸ் விகிதத்தில் அது தேசிய சாதனை. பழக்கம் படிந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

என்ன சொல்லித் திருத்தினார்கள்? குறுகிய பாஸ்கள் நிறைய கொடுத்தார்கள். ஆர்.பி.ஓ (ஓட்டமா பாஸா என்பதை ஸ்நாப்புக்குப் பிறகு முடிவெடுக்கும் ஆட்டம்) என்பது இதில் முக்கியக் கருவி. தடுப்பணி ஓட்டத்துக்குத் தடுப்பது போலவே தடுக்கும். குவார்ட்டர்பேக் எதிரணியில் ஒரே ஒருவரை, பெரும்பாலும் ஒரு லைன்பேக்கரை (தற்காப்பின் இரண்டாம் வரிசை வீரரை) மட்டும் பார்ப்பார். அவர் முன்னால் வந்தால் அவர் விட்ட இடத்தில் பாஸ், நின்றால் பந்தைக் கையில் கொடுத்துவிடலாம். ஐந்து பேரைப் படிக்கும் வேலை ஒரே ஒருவரைப் படிப்பதாகச் சுருங்குகிறது. கல்லூரி விதியும் இதற்குத் துணை: தடுப்பாளர்கள் 3 யார்டு முன்னே போயிருந்தாலும் பாஸ் செல்லும், தொழில்முறை லீகில் 1 யார்டுதான். கல்லூரி மைதானத்தில் ஹாஷ் கோடுகளின் (ஆட்டம் தொடங்கப் பந்து வைக்கப்படும் எல்லைக் குறிகளின்) இடைவெளி 40 அடி. பந்து ஒரு ஹாஷில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடியைக் காக்க எதிரணி திணறும்போது எளிய பாஸ்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சதவீதம் ஏறியதை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். இரண்டடித் தூரத்தில் பக்கவாட்டில் எறிந்து 75 சதவீதம் யார் வேண்டுமானாலும் காட்டலாம். ஒரு பாஸுக்கு எத்தனை யார்டு என்று வகுத்துப் பாருங்கள். பர்ரோவுக்கு 2018-ல் 7.6, 2019-ல் 10.8. நிக்ஸுக்கு ஆபர்னின் கடைசி வருடம் 7.1, ஆரிகனில் 8.8, பிறகு 9.6. சதவீதமும் இதுவும் சேர்ந்து ஏறினால் முன்னேற்றம் நிஜம். சதவீதம் மட்டும் ஏறி இது 7-க்குக் கீழே நின்றால், பயிற்சியாளர் அவருடைய பலவீனத்தை ஒளித்துவைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

மைக்கேல் பெனிக்ஸின் கதை சற்று வேறு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இண்டியானாவில் நான்கு வருடம், நான்கிலும் காயத்தோடு சீசன் முடிந்தது: இருமுறை வலது முழங்கால், இருமுறை தோள் பகுதி. 2021-ல் 53.7 சதவீதம், 4 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். ஆனால் 2019-ல் கேலன் டிபோர் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது 68.8 சதவீதம் காட்டியவர். டிபோர் வாஷிங்டனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்ததும் அவரைத் தேடிப் போனார். 2022-ல் 4,641 யார்டு, 2023-ல் 4,903 யார்டும் தேசிய இறுதியாட்டமும். இவரை இரண்டாவது வாய்ப்பு மாற்றியது என்று சொல்வதைவிட, உடம்பு தாங்கியது, பழைய ஆசான் கிடைத்தார் என்று சொல்வதே சரி. தடுப்பணி ஒழுங்காக இருந்ததால்தான் உடம்பு தாங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜோ மூர் விருது வாஷிங்டனுக்குத்தான் போனது.

எதிர் உதாரணமும் வேண்டும். டிஜே உயங்கலலே க்ளெம்சனில் 2021-ல் 55.6 சதவீதம், 9 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். 2022-ல் கொஞ்சம் தேறினார். 2023-ல் ஆரிகன் ஸ்டேட் (நிக்ஸ் ஆடிய ஆரிகன் அல்ல, வேறு கல்லூரி), 57.1 சதவீதம். 2024-ல் ஃப்ளோரிடா ஸ்டேட். ஐந்து ஆட்டத்தில் 4 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன், பிறகு கையில் காயம், அணி 2 வென்று 10 தோற்றது. மூன்று கூடங்கள், ஆட்டம் ஏறக்குறைய அதே. பந்தின் வேகம் குறையே சொல்ல முடியாதது. பந்து போய்ச் சேரும் இடம்தான் சிக்கல். துல்லியம் என்பது புதிய சட்டைபோல மாட்டிக்கொள்வதல்ல. கால் வைப்பு தவறியதால் பந்து விலகுகிறது என்றால் ஒரு நல்ல குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் ஓரளவு திருத்துவார். கால் சரியாக இருந்தும் விலகுகிறது என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

இனி கணிப்பதற்கு. ஒருவர் கல்லூரி மாறுகிறார் என்று செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது, ஒவ்வொரு முறையும் எந்த ஆட்டத் திட்டம் என்று அழைக்கப்போகிறவர் யார், இவருடன் ஏற்கெனவே வேலை செய்திருக்கிறாரா என்பதை. தலைமைப் பயிற்சியாளர் பெயர் தலைப்புச் செய்திக்கு உதவும், அவ்வளவுதான். இரண்டாவது, ஜனவரியில் சேர்ந்தாரா, கோடையில் சேர்ந்தாரா. வசந்தகாலப் பயிற்சி மொத்தம் 15 அமர்வுதான். அதைத் தவறவிட்டவர் ஆகஸ்ட் முகாமில் மொழி கற்றுக்கொண்டே போட்டியும் போட வேண்டும். சீசன் தொடங்கிவிட்டால் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. அதில் அடுத்த எதிரணிக்கான தயாரிப்பு போக, அடிப்படையைத் திருத்த நேரமே இருக்காது. கால்வைப்பு மாற்றம் எல்லாம் பிப்ரவரி முதல் ஜூலைக்குள் நடக்க வேண்டிய வேலை.

மூன்றாவது, தடுப்பணியில் எத்தனை பேர் போன வருடம் முழுக்க ஆடியவர்கள். நான்கு பேராவது என்றால் நிம்மதி. நான்காவது, சாக். அழுத்தம் வந்தபோது எத்தனை தடவை சாக் ஆனார் என்பது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கோடு ஊர்விட்டு ஊர் போகிற குணம். தடுப்பணி மேல் பழி போட்டுவிட்டு வந்தவர் புதிய இடத்திலும் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றால், அங்கேயும் அதேதான் நடக்கும்.

விதிகளையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதைகள் பெருகியதற்கு அவைதான் காரணம். முன்பெல்லாம் பட்டம் முடிக்காமல் மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். பர்ரோ பட்டத்தோடு வந்ததால் தப்பினார். டிரான்ஸ்ஃபர் போர்டல் (மாற விரும்புபவர்களின் பெயர் பதியும் தளம்) 2018 அக்டோபரில் வந்தது, 2021-ல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றானது, 2024 ஏப்ரலில் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. நல்லதா என்றால், பாதி நல்லது. கோணல் கூடத்திலிருந்து வெளியேற வழி கிடைத்தது. ஆனால் ஒரே மொழியில் இரண்டு வருடம் ஊறுகிற பொறுமை பலருக்குப் போய்விட்டது. நிக்ஸின் முன்னேற்றம் முழுதாகத் தெரிந்தது ஆரிகனில் இரண்டாவது வருடத்தில்தான் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கடைசியாக, முதல் ஆட்டத்தில் எதைப் பார்ப்பது. பந்தைப் பார்க்க வேண்டாம். அது கேமரா தானாகக் காட்டும். ஸ்நாப்புக்கு முன் அவர் எத்தனை தடவை ஓரத்துப் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். 2024-லிருந்து மேல்நிலைக் கல்லூரி ஆட்டங்களில் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ உண்டு, ஆனால் அடுத்த ஸ்நாப்புக்கான கடிகாரம் 15 விநாடிக்கு வந்ததும் அது அறுந்துவிடும். அதற்குப் பிறகும் அவர் தலை ஓரத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தால் மொழி இன்னும் வசப்படவில்லை. அடுத்து, ஸ்நாப்புக்குப் பிறகு கால்கள்: முதல் ரிசீவர் மூடியிருக்கும்போது இடுப்பும் கால்களும் இரண்டாவது ஆளை நோக்கித் திரும்புகின்றனவா, அல்லது கண் கீழே இறங்கித் தாக்க வருபவரைப் பார்க்கிறதா. கண் இறங்கினால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் கவலைப்படுங்கள். முதல் மூன்று நான்கு ஆட்டத்துக்கு ஸ்கோரை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் குறித்துவைத்தால், அக்டோபரில் அந்த அணி எப்படி ஆடும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.